தட்டு வந்த பிறகுதான்

1. ஊக்குக்கும் இடமில்லை

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு மெட்டல் டிடெக்டர் வந்த அன்று, அந்த மெஷினுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். சூப்பர்வைசர் மும்தாஜ் அக்கா "பிஸ்மில்லா" என்றார். நானும் என் பங்குக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லி வைத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஷூ தைத்துக்கொண்டிருந்தோம். ஷூவுக்குள் தங்கிவிட்ட தையல் நீடில் துண்டு ஒரு குழந்தையின் காலில் குத்தினால் ஆர்டரே போய்விடும். அதனால் சேலையில் குத்தும் ஊக்கைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். தைக்கும்போது நீடில் உடைந்தால் லைன் நிற்கும். எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். நானும் பிள்ளை பெற்றவள்.

2. அரை மணி நேரம்

எனக்குச் சுகர் என்று தெரிந்தபோது மகனுக்குப் பால்குடிகூட மறக்கவில்லை. மாத்திரைக்கு அடங்காது, இன்சுலின்தான் என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "இத போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு சாப்பிடணும், மறந்துடாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். கம்பெனியில் மூச்சு விடவில்லை. சீக்காளி என்று தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நேரம் அது. டெய்லர் கிரேடு சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. இன்சுலினை ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டு ஷெட்டில் என் டிபன் பைக்குள் வைத்திருப்பேன்.

எங்கள் புரொடக்ஷன் மேனேஜருக்கும் சுகர்தான். அவர் மறைக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "டென்ஷன் ஜாஸ்திங்க, அதான் சுகர் வந்துட்ச்சு" என்பார். கேபினுக்குச் சர்க்கரை இல்லாத டீ தனியாகப் போகும். மேஜையில் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும். அவருக்கு வந்தால் உழைத்த களைப்பு, எனக்கு வந்தால் சீக்கு. இந்த நியாயத்தை நான் எந்தக் கோயிலில் போய்க் கேட்பது?

3. கலாவின் நீடில்

ஒரு நாள் மத்தியானம் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், இன்சுலின் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணிக்கு இன்னும் அரை மணி நேரம். மணி அடிக்கப்போகிற சமயத்தில் பக்கத்து மெஷினில் 'டக்' என்று சத்தம். கலாவின் நீடில் உடைந்துவிட்டது. முனையைக் காணோம்.

"யாரும் எழுந்துக்காதீங்க!" என்று மும்தாஜ் அக்கா லைனை நிறுத்தினார். குச்சியில் கட்டிய காந்தத்தால் தரையெல்லாம் துழாவினார்கள். தைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக டிடெக்டரில் விட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. ஒருவரும் நகரவில்லை. கலா அழ ஆரம்பித்துவிட்டாள்.

உடம்புக்குள் போன இன்சுலினுக்குக் கம்பெனி சட்டம் தெரியுமா? சோறு போகாத உடம்பில் அது சுகரை இறக்கத் தொடங்கிவிட்டது. முதலில் உதடு மரத்தது. பிறகு ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்த்தது. கை தானாக உதறியது. மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்த மேனேஜர் என் எதிரில் நின்றார்.

"இன்னாம்மா, உனக்கு இன்னாத்துக்கு இப்படி வேர்க்குது? துண்டு உங்கிட்ட இருக்குதா? அந்தப் பொண்ணுக்காக மறைக்கிறியா?"

"இல்ல சார்."

"அப்ப கை ஏன் நடுங்குது? தொற கைய!"

திறந்து காட்டினேன். வெறும் கை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். அந்த நேரத்திலும் வேலையைத்தான் முதலில் நினைத்தேன்.

"சார், எனக்கு சுகர். இன்சுலின் போட்டுட்டேன். சாப்பிடணும் சார்."

அவர் முகம் மாறியது. அந்த நடுக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும் அல்லவா? கேபினுக்கு ஓடினார். அந்தப் பெரிய உடம்பு ஓடி அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. பாக்கெட்டை அவரே பிரித்து என் வாயில் வைத்தார். "மெல்லு, முழுங்கு, இன்னொண்ணு எடு. யாராவது தண்ணி கொண்டாங்கப்பா!"

நீடில் முனை கலாவின் மெஷினுக்குள்ளேயே, நூல் சுற்றிய பாபினுக்குப் பக்கத்தில் கிடைத்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

4. கேபினில்

சாயந்திரம் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைலேர்ந்து மெஷின் வேணாம்மா. நூல் வெட்டுற டேபிளுக்குப் போய்டு."

"அது ஹெல்பர் கிரேடு சார். சம்பளம் கம்மி."

"மயக்கம் போட்டு மெஷின்ல கைய உட்டுட்டா யாரும்மா பதில் சொல்றது?"

"உங்களுக்கும் சுகர்தானே சார்?"

கேட்டுவிட்டேனே என்று எனக்கே பக்கென்றது. அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மேஜையில் மிச்சமிருந்த பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நகர்த்தி, "இத வச்சுக்கோ" என்றார்.

நல்ல மனுஷன்தான். கெட்டவராக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது தீர்த்திருப்பேன். வேலையை விடும்வரை அந்த டேபிளில் கத்தரிக்கோலோடுதான் இருந்தேன். மெஷின் கொஞ்சம் சூடானாலும் மெக்கானிக் ஓடி வருவதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

5. நான் கற்றது

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பாவம், பதறிப்போனார். "ஐயோ, உங்க வேல இப்படின்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா? இனிமே சாப்பாட்டத் தட்டுல போட்டு முன்னால வச்சுக்கிட்டு அப்புறம் போடுங்க" என்றார். அந்த அரை மணி நேரம், சாப்பாட்டு வேளை தன் கையில் இருக்கிறவர்களுக்கானது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கொஞ்ச நாள் கழித்து வேறு லைனிலிருந்து ஒரு பெண் என்னைப் பாத்ரூம் பக்கம் நிறுத்தினாள். "அக்கா, எனக்கும் இருக்குது. யாருகிட்டயும் சொல்லிடாதக்கா." அவளுக்குப் பிறகும் சிலர் வந்தார்கள். யாரையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன். "நர்ஸம்மாகிட்ட நீ இன்னா வேல செய்றன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் எப்ப சாப்பிடணும்னு கேளு."

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கம்பெனி கேட்டும் இல்லை, மணியும் இல்லை. ஆனாலும் சோறு தட்டில் விழுந்த பிறகுதான் இன்சுலினைக் கையில் எடுக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். "இன்னா அத்த, சோத்த யாரு பூட்டி வைக்கப் போறாங்க?"

அவள் சிரிக்கட்டும். "மொதல்ல நீ சோத்தப் போடு" என்கிறேன்.