அடி மடிக்காத திரைச்சீலை

இன்று ஆக்லாந்துக் கடையொன்றில் புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் சின்ன வயதில் நாங்கள் இருந்த தீவின் நமாகா ஊர் வீட்டுப் படுக்கையறைக்குப் போய்விட்டேன். ராணுவம் அங்கே ஆட்சியைப் பிடித்து, எங்களைப் போன்ற இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நாட்டைவிட்டுக் கிளம்பிய வருஷம் அது. கட்டிலும் அலமாரியும் ஒவ்வொன்றாக விலைபோய்க்கொண்டிருந்த அந்த அறைக்கு, அம்மா என்னையே துணி எடுக்கச் சொல்லி, நான் காட்டிய நீலப்பூத் துணியில் திரைச்சீலை தைக்க, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் காற்றில் கடகடக்க, தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"அடி மடிச்சுத் தெக்கலையாம்மா?"

"அடுத்த வாரம் தெச்சுக்கலாம், கண்ணு."

"நாங்க எங்கயும் போகலை, அம்மா புதுக் கர்ட்டன் தெக்கிறாங்க" என்று பக்கத்து வீட்டுக் கமலாவிடம் நான்தான் அடித்துச் சொன்னேன்.

அந்த அடுத்த வாரம் எங்களுக்கு அந்த வீட்டில் வரவில்லை. காலி அறை தெருவுக்குத் தெரியாமலிருக்கத்தான் அந்தத் துணி. நீலப்பூக்களைப் பார்த்து, நான் உள்ளே இருப்பதாக நம்பி, கமலா எத்தனை நாள் வாசலில் நின்று கூப்பிட்டாளோ.