லேப் அக்காவின் மூன்றாவது விண்ணப்பம்

லேப் அக்காவுக்கு இப்போது பொய் எழுதுவதுதான் வேலை. சும்மா பொய்யில்லை, பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு எழுதுகிற பொய். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்த ஊரில் ஏன் வேலை கிடைப்பதில்லை என்று ஓர் ஆராய்ச்சி. ஒரே படிப்பு, ஒரே அனுபவத்தோடு இரண்டு பெண்களைக் கற்பனையில் உண்டாக்கி, ஒருத்திக்கு உள்ளூர்ப் பெயரும் மற்றவளுக்கு வெளிநாட்டுப் பெயரும் வைத்து, ஒரே கம்பெனிக்கு விண்ணப்பம் போட வேண்டும். கம்பெனி யாரைக் கூப்பிடுகிறது என்று அட்டவணையில் குறித்துவிட்டு, வேறு வேலை கிடைத்துவிட்டதென்று கூப்பிட்டவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். உள்ளூர்ப் பெயர்க்காரிக்குப் பெரியவள், வெளிநாட்டுப் பெயர்க்காரிக்குச் சின்னவள் என்று அவரே பேர் வைத்து, வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் விசாரிப்பார்.

"பெரியவளுக்கு இன்னைக்கு எத்தனை போன்? சின்னவ இன்னும் வீட்லதான் குந்தியிருக்காளா?"

சின்னவள் எப்போதும் வீட்டில்தான். லேப் அக்காவும் சிரித்துவைப்பாள்.

சொந்த நாட்டில் பதினான்கு வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். வாட்ச்மேனிலிருந்து என்ஜினியர் வரை எல்லோருக்கும் லேப் அக்கா. இங்கே வந்து ஆறு வருஷத்தில் அப்படிக் கூப்பிட ஒரு நாதி இல்லை. இன்றைக்கும் குழாய்த் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அந்த லேபின் குளோரின் வாசனைக்கு மனசு ஏங்கிக் கிடந்தது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் நகரக் குடிநீர் லேபுக்கே ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. எந்த வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்று ஆராய்ச்சிக்குச் சில வரம்புகள் உண்டு, இந்த வேலை எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அனுபவத்தைக் கற்பனையாகத்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவளுக்குக் கை வரவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் இந்த நாட்டு ஊராக மாற்றி, தன் பதினான்கு வருஷத்தையும் இரண்டு பேருக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டு தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது வீடு வீடாகப் பாட்டிலோடு அலைந்து, சாக்கடை ஓரத்தில் வெடித்திருந்த குழாயைக் கண்டுபிடித்த கதை உட்பட.

மூன்றாம் நாள் பெரியவளின் போன் அடித்தது. லேபின் தலைமை அதிகாரி. சொல்ல வேண்டிய பதிலை அவள் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஆனால் அந்த மனிதர் எடுத்த எடுப்பில் கேட்டது வேறு.

"அந்த வெடிச்ச குழாயை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

ஆறு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அரை மணி நேரம் பேசினாள். அவர் குறுக்கே குறுக்கே சந்தேகம் கேட்டார், அவள் விளக்கினாள், இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று அவர் சொன்னபோதுதான் தான் யாராகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. வேறு வேலை கிடைத்துவிட்டது என்று ஒப்பித்தாள்.

அவருக்கும் ஏமாற்றம். உங்களைப்போல வேறு யாராவது தெரியுமா என்றார். அவள் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே நிஜமான பெயரும் நிஜமான ஊருமாக மூன்றாவது விண்ணப்பம் போயிற்று. மறுநாள் ஆராய்ச்சியின் தலைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அந்த அம்மாள் திட்டவில்லை. அட்டவணையில் அந்த ஜோடியை அடித்துவிட்டு, இனிமேல் ஆராய்ச்சிப் போனை எடுக்க வேண்டாம் என்றதோடு சரி.

மூன்று வாரம் போனது. ஒவ்வொரு முறை தன் சொந்தப் போன் அதிரும்போதும் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசியில் இரண்டே வரியில் பதில் வந்தது. விண்ணப்பித்ததற்கு நன்றி, இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவரையே எதிர்பார்க்கிறோம். கீழே அதே அதிகாரியின் கையெழுத்து.

அவள் அதை அச்செடுத்துக்கொண்டு போய்த் தலைவியின் மேஜையில் வைத்தாள்.

"இதையாவது அட்டவணையில சேத்துக்கலாமா மேடம்?"

தலைவி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சேக்க முடியாதும்மா. நாம உண்டாக்கின ஆளுங்களைத்தான் சேக்கலாம். நீங்க நிஜ ஆளாச்சே."