அம்மாவின் தனிச் சட்டி

மாசாய் நகரின் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் பன்றிக்கறி சமைப்பதுண்டு. அதனாலேயே அம்மா ஒரு சட்டியைத் தனியாக வைத்திருந்தார். எதிர்வீட்டு மலாய் முஸ்லிமான ரோஸ்னா அக்காவுக்குப் பாயசம் காய்ச்ச மட்டும்தான் அதைத் தொடுவார்.

"இதெல்லாம் தேவையாம்மா? அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று எரிந்து விழுவேன்.

"எனக்குத் தெரியுமே" என்பார்.

போன வருடம் அம்மா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும், அக்கா மீன்குழம்போடு வந்தார். மாட்டுக்கறி பட்ட சட்டியில் சமைத்ததை அம்மா சாப்பிடமாட்டார். வாங்கத் தயங்கினேன்.

"பயப்படாதே லா," அக்கா மலாயில் சொல்லிச் சிரித்தார். "உங்க அம்மாவுக்குன்னே தனிச் சட்டி வெச்சிருக்கேன். நீ சின்னப் பிள்ளையா இருந்தப்பவே வாங்கினது."

திரும்பிப் பார்த்தேன். அம்மா தட்டோடு காத்திருந்தார்.

இப்போது கூலாயில் எனக்குத் தனி வீடு. பக்கத்து வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. அம்மாவிடம் நன்றி சொல்லத் தெரியாத நான், புதுச் சட்டி ஒன்றை வாங்கித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.