முழத்தண்ணி

“மேட்டூர் எவ்வளவு நிக்கிது?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆத்மநாதன் டீ கிளாஸைக் கையில் வாங்குவார். அறந்தாங்கிக்குத் தெற்கே, மேலேந்தல் விலக்கு ரோட்டில் சந்தனமேரி நடத்தும் கடை அது. செல்போனில் செய்தி பார்த்து யாராவது பதில் சொல்ல வேண்டும். அணை நிறைந்திருந்தால் தூக்கலாகச் சீனி போட்ட டீ. குறைந்திருந்தால், “எனக்கு எதுக்கும்மா சீனி?” என்று சலித்துக்கொள்வார். சர்க்கரை வியாதி எதுவும் அவருக்குக் கிடையாது.

குடகு மலையில் பெய்கிற மழையைச் சொந்தக்காரர் வீட்டுச் சங்கதி போலப் பேசுவார். தண்ணீர் என்ற சொல்லைக்கூட அதிகம் சொல்லமாட்டார். “அது கெளம்பிருச்சு சார். கல்லணையைத் தாண்டிருச்சாம். வழியில நாலு எடத்துல தங்கிட்டு, மெதுவாத்தான் இங்கிட்டு வரும்.” மலையில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பங்கு பிரிந்து, கால்வாய் வழியே ஊர் ஊராகக் குடித்தது போக மிச்சம்தான் இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. வழியில் யார் ஷட்டரை இறக்கினாலும் ஆத்மநாதனுக்கு வயிறு எரியும். “மேல இருக்கவன் தான் நெறைஞ்ச பெறகுதான் விடுவேங்குறான். நம்ம பங்கை நாம போயிக் கேட்டு நிக்கணுமாம். இது ஞாயமா சார்?” என்று பக்கத்தில் டீ குடிக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நான் பதில் சொல்லும்வரை விடமாட்டார்.

அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். பழைய எக்ஸெல் வண்டி, அதன் முன்பலகையில் குறுக்கே ஒரு மண்வெட்டி. கண்மாய்க் கரையில் ஏறியதும் செருப்பைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு நடப்பார். போனில் பேசும்போது மேட்டூருக்கே கேட்க வேண்டும் என்பது போலக் கத்துவார். மேலேந்தல் பாசன சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. எந்நேரமும் கரையில் நிற்கிற ஆள் என்று ஊரே அவரிடம் விட்டுவிட்டது.

மேலேந்தல் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து கீழேந்தல் கண்மாய்க்குப் போகும். கலிங்கு என்பது கரையின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டிய கல்சுவர். அதன் மேல் குட்டையான கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூண்களுக்கு நடுவே மணல் மூட்டைகளை அடுக்கி, மேலேந்தல்காரர்கள் ஒரு முழ உயரம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள். அதற்கு ‘முழத்தண்ணி’ என்று பெயர். “முழத்தண்ணி எங்க பாத்தியம். ஆனா கீழேந்தல்காரவுக வெத்தலை பாக்கு, தேங்காயோட வந்து கேட்டா, அன்னைக்கே மூட்டையை எடுத்துருவோம். இல்லைன்னு ஒரு வருசமும் சொன்னதில்லை” என்பார் ஆத்மநாதன். சொல்லும்போது கொடைவள்ளல் மாதிரி முகம் மலர்ந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே மகள் சிவரஞ்சனியைக் கீழேந்தலில் திருமுருகனுக்குக் கட்டிக்கொடுத்தார். “தண்ணியும் குடுத்து பொண்ணும் குடுக்குறோம்” என்று கல்யாணப் பந்தியில் அவர் அடித்த ஜோக்கை இன்னும் பேசுகிறார்கள். திருமுருகனின் அப்பா குழந்தைசாமிதான் கீழேந்தலின் பெரிய தலை. வினை அங்கேதான் தொடங்கியது.

போன மார்கழியில் மழை பொய்த்துவிட்டது. கால்வாயிலும் வரத்து நின்றுபோனது. மேலேந்தல் கண்மாயில் தண்ணீர் மூட்டைகளின் பாதி உயரத்துக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. கீழேந்தல் கண்மாயில் சேறுதான். அங்கே நெல் கதிர் வாங்கும் நேரம். குழந்தைசாமி, ‘சம்பந்தி ஆகிவிட்டோம், இனி வெற்றிலைத் தட்டோடு போய் நிற்பது அவருக்கே சங்கடம், கேட்காமலே திறப்பார்’ என்று வீட்டில் இருந்தார். ஆத்மநாதன், ‘சம்பந்தி என்ற உரிமையில் முதல் ஆளாக வந்து கேட்க வேண்டியவர் ஏன் வரவில்லை’ என்று கரையில் நின்றார். இரண்டு பேரும் மரியாதையைத்தான் காப்பாற்றினார்கள்.

சிவரஞ்சனி போன் செய்தாள். வழக்கம்போல அவர் கடையில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுக் கத்திப் பேசியதால் எல்லாருக்கும் கேட்டது.

“அப்பா, இன்னும் ஒரு தண்ணி பாஞ்சாப் போதும்ப்பா. பயிரு சுருளுது.”

“ஒங்க மாமாவை வரச் சொல்லும்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“நான் கேக்குறேனேப்பா, அது பத்தாதா?”

“நீ மக. ஊருக்கிட்ட ஊருதான் வந்து கேக்கணும். தண்ணி வேற, சம்பந்தம் வேற.”

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் உடனே எங்கள் பக்கம் திரும்பி, மேட்டூரில் தண்ணீரைக் குறைத்ததைப் பற்றி ஆரம்பித்தார். “நம்ம பங்கை வச்சுக்கிட்டு, வந்து கேளுங்குறான் சார்...”

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சந்தனமேரி நிமிராமலே சொன்னாள்: “அண்ணே, ஒங்களைத்தான் கீழேந்தல்ல இப்புடிப் பேசுறாக.”

 ஆத்மநாதன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே மூட்டையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. ஊர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பொங்கலுக்கு மகள் வரவில்லை. மேலேந்தலில் அறுவடை முடிந்தது. கண்மாயில் தண்ணீர் அப்படியே மிச்சம் கிடந்தது. கீழேந்தல் நெல் பதராகி, வயலில் மாட்டை மேயவிட்டுவிட்டார்கள். மாசியில் ஒருநாள் ஆத்மநாதன் யாரையும் கூப்பிடாமல் கலிங்கில் இறங்கி மூட்டைகளைத் தானே ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். தண்ணீர் நன்றாகத்தான் போனது. குடிப்பதற்கு அங்கே பயிர் இல்லை.

அடுத்த நாள் கடையில் மேட்டூரை விசாரிக்கவில்லை. “வாங்க சார், கீழேந்தல் வரைக்கும் போயிட்டு வருவோம்” என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். தனியாகப் போகக் கூச்சம் என்று புரிந்தது. வழியெல்லாம் மொட்டை வயல்கள். மகள் வீட்டு வயலருகே வண்டியை நிறுத்தி, மாடு விட்டுவைத்த ஒரு கதிரை உருவி நகத்தால் அழுத்திப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. “கதிரு பால் புடிக்கிற நேரத்துல காயவிட்டுட்டேன் சார்” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. நான் அப்படி அவர் பேசிக் கேட்டதில்லை.

குழந்தைசாமி வெளியே போயிருந்தார். திருமுருகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறதாம். அந்தச் செய்தியே ஆத்மநாதனுக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். சிவரஞ்சனி உள்ளே போய், வருகிற எவருக்கும் கொடுப்பதுபோல ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்கப்பா.”

ஆத்மநாதன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகள் முன்னால் இரண்டு கையையும் ஏந்தினார்.