உச்சியில் சூளை நினைப்பு

இன்று விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழைய கூட்டாளி செல்வராசுவைப் பார்த்தேன். பீங்கான் பொம்மை சுடுகிற சூளைக்காரன்.

எழுபதுகளில் ஒரு சனி ஞாயிறு, நண்பர்கள் சேர்ந்து கல்வராயன் மலை ஏறினோம். உச்சியில் நாங்கள் மேகம் பார்த்தோம். அவன் மட்டும் ஊர் இருக்கும் திசையையே பார்த்து, "சூடு ஆறுறதுக்குள்ள எவனாவது சூளையத் தொறந்தா பொம்மையெல்லாம் வெடிச்சிடும்டா" என்று புலம்பினான். பாதிச் சோற்றில் எழுந்து தனியாக இறங்கிவிட்டான்.

"இந்த சனிக்கிழம திரும்ப ஏறலாமாடா?" என்றேன்.

"போலாம். இப்பதான் மவன் சூளையப் பாத்துக்கிறானே."

டீ ஆறுவதற்குள் மகனுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டான். "தொறந்துடாத."

மலை உச்சியில் டவர் கிடைக்காது. சனிக்கிழமை வரை யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.