தண்ணீர் வரும் நாவல்

நண்பர்களே, சிங்காநல்லூர் பிரவுசிங் சென்டரிலிருந்து நம் வாசகர் குழுவுக்கு இதைத் தட்டுகிறேன்.

இன்று தாராபுரம் பஸ்ஸில் மாயாஜால நாவல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு விவசாயி அட்டையிலிருந்த பறக்கும் பாம்பைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, படிச்சவரு இந்தப் பொய்யெல்லாம் படிக்கறீங்களே?"

கூச்சத்தில் அட்டையை மடியில் கவிழ்த்துக்கொண்டு, "நீங்க எங்கீங்க போறீங்க?" என்றேன்.

"போர் போட நீரோட்டம் பாக்கறவரைக் கூட்டியாரப் போறனுங்க. உள்ளங்கையில தேங்காயைப் படுக்கவெச்சு நடப்பாருங்க. தண்ணியிருந்தா தேங்கா தானா எந்திரிச்சு நிக்குமுங்க."

"போன தடவ நின்னுச்சுங்களா?"

"ஜம்முனு நின்னுச்சுங்க. போர்லதான் வெறும் புழுதி வந்துச்சுங்க."

என் மடியிலிருந்த புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்: "உங்க கதையில தண்ணி வருதுங்களா?"

"மந்திரவாதி பாறையைத் தட்டுனதும் ஆறே வருதுங்க."

புத்தகத்தை வாங்கியவர் இறங்கும்வரை தரவில்லை.

இனி நான் அட்டையை மறைக்கப்போவதில்லை. மாயக்கதை வீண் என்பவர்கள், தங்கள் தோட்டத்துப் போர் நிலவரத்தோடு பதில் எழுதவும்.