கன்சோவின் வயிற்றில் றெமிஜியஸ்

விமானம் ஏறினால் றெமிஜியசுக்குத் தலை சுற்றும். படகு ஏறினால் வாந்தி வரும். இப்படிப்பட்ட மனுசன் மனதைப் பறிகொடுத்தது பறக்கும் படகொன்றிடம். அதை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

கனடாவின் மிசிசாகாவில் சரக்குக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர், விமான அருங்காட்சியகம் ஒன்றில் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்தார். அங்கே நின்றது கன்சோ. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலைச் சுற்றிய, தண்ணீரிலும் இறங்கும் ரோந்து விமானம்.

சென்ற மே மாதம் ஸ்காபரோ மாதா கோயில் மூத்தோர் சங்கம் பார்க்க வந்தது. கூட்டத்தில் மனைவி றோஸ்மேரியும் இருந்ததால் றெமிஜியஸ் நெஞ்சை நிமிர்த்தினார். கூடவே வயிறும் நிமிர்ந்தது.

"உந்தச் செட்டையைப் பாருங்கோ. அலைத் தண்ணி எஞ்சினில படக்கூடாதெண்டு உயரத்தில வைச்சவங்கள். நுனியில இருக்கிற மிதவை, பறக்கேக்க மடிஞ்சு செட்டையோட சேர்ந்திடும். வேகம் குறைவுதான். ஆனா கிளம்பினால் நாள் முழுக்க வானத்தில நிக்கும். காலிக்குக் கிட்ட கொக்கலயில இருந்து, இதின்ர உடன்பிறப்பான கற்றலினா விமானத்தில கனடாப் பெடியள் பறந்தவங்கள். யப்பான் கப்பல்படை இலங்கைக்கு வாறதைக் கண்டு சொன்னதும் அவங்கள்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். விமானத்தின் பக்கவாட்டில் இருந்த கண்ணாடிக் குமிழைத் திறந்து உள்ளே ஏறினார். ஓட்டை விழுந்தாலும் படகு தாழாமல் இருக்க உள்ளே குறுக்குத் தடுப்புகள். அவற்றில் ஒடுங்கிய வாசல்கள்.

"சண்டை நேரம் இதுக்குள்ளாலதான் ஓடித் திரிஞ்சவங்கள்!" என்று தலையை நுழைத்தார். தோள் போனது. இடுப்பு போகவில்லை. பின்னுக்கும் வரவில்லை. வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது வழிகாட்டியின் பின்புறம் மட்டுமே.

"தம்பி, அந்தப் பெடியளும் உப்பிடி மாட்டுப்பட்டவையோ?" என்று கேட்டார் கஸ்பர் என்ற முதியவர்.

"இல்லை அண்ணை," என்றது உள்ளிருந்து வந்த குரல். "அவங்களுக்கு இருபது வயசு. வயிறு வைக்க முதலே கனபேர் கடலோட போயிட்டாங்கள்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் போனார்கள். றோஸ்மேரி உள்ளே ஏறினார்.

"இஞ்சாருங்கோ, மூச்சை வெளியில விடுங்கோ. பெல்ற்தான் கொழுவியிருக்கு."

பெல்ற்றைக் கழற்றி ஒரே இழுவை. கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு றெமிஜியஸ் இறங்கியபோது சங்கம் முழுவதும் கைதட்டியது.

இப்போது கோயிலில் அவரைக் 'கன்சோ அண்ணை' என்றால்தான் தெரியும். பட்டம் கிடைத்தது அறிவுக்கா, அளவுக்கா என்று அவர் விசாரிக்கப் போகவில்லை.